நாய் விடாம வாந்தி எடுக்குது, உப்புத் தண்ணி குடுக்கலாமா?

(இந்த எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

நாய் எபிசோட் போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. நான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். ஆனா போன மாசம் ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க: "அண்ணா, எங்க நாய் காலைலேர்ந்து நாலு தடவை வாந்தி எடுத்துடுச்சு. உப்புத் தண்ணி கரைச்சு ஊத்துனா எல்லாம் வெளிய வந்துடும்னு பாட்டி சொல்றாங்க, குடுக்கலாமா?" அவங்களுக்கு உடனே ஒரே வார்த்தைல பதில் அனுப்பிட்டேன். வேண்டாம். ஏன் வேண்டாம்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். நான் டாக்டர் இல்ல. ஓஎம்ஆர்ல கோட் எழுதுற ஆளு. சொந்த ஊரு கிளியனூர், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல. ராத்திரி நாய்க்கு ஒண்ணுன்னா ரெண்டு பக்கமும் வண்டி எடுத்துட்டு ஓடணும். அதனால எதுக்கு ஓடணும், எதுக்குக் காலை வரைக்கும் காத்திருக்கலாம்னு தெரிஞ்சு வச்சிருக்குறது எங்க ஊர்ல ரொம்ப முக்கியம். சிட்டில இருக்குற உங்களுக்கும் ராத்திரி ஒரு மணிக்கு அதே நிலைமைதான், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கும், ஆனா பூட்டியிருக்கும்.

சரி, உப்பு. எங்க ஊர்லேர்ந்து கிழக்கால போனா மரக்காணம் உப்பளம். உப்பைப் பத்தி எங்களுக்குப் பாடம் எடுக்கவே வேண்டாம்னு நினைப்போம். ஆனா நாய் உடம்புக்குள்ள உப்பு என்ன பண்ணும்ங்கிற கணக்கு பல பேருக்குத் தெரியாது. ஒரு கிலோ உடல் எடைக்கு 2 கிராம் உப்பு உள்ள போனாலே விஷ அறிகுறிகள் ஆரம்பிக்கலாம். 4 கிராம் கிட்டப் போனா உயிருக்கே ஆபத்து. உங்க நாய் 10 கிலோன்னு வச்சுக்கோங்க. 20 கிராம்ங்கிறது ஒரு பெரிய ஸ்பூனும் கொஞ்சமும், அவ்வளவுதான். பாட்டி கைப்பிடி உப்பை ஒரு சொம்புல கரைக்கும்போது இந்தக் கணக்கு எப்பவோ தாண்டியிருக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, ரத்தத்துல சோடியம் ஏறினதும் அது செல்களுக்குள்ள இருக்குற தண்ணியை வெளிய இழுக்கும். மூளைச் செல்லும் அப்படியே சுருங்கும். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, அப்புறம் கோமா. உப்புத் தண்ணி குடுத்தா வாந்தி வந்தே தீரும்ங்கிற உத்தரவாதமும் கிடையாது. வரலைன்னா குடுத்த உப்பு முழுக்க உள்ளேயே தங்கிடும். மனுஷங்களுக்கே இந்த வைத்தியத்தை டாக்டர்கள் கைவிட்டாச்சு. அதுவும் போக, யோசிச்சுப் பாருங்க, ஏற்கனவே நாலு தடவை வாந்தி எடுத்த நாய்க்கு எதுக்குங்க வாந்தி வரவைக்க ஒரு வைத்தியம்? சினிமால விஷம் குடிச்சவங்களுக்கு சோப்புத் தண்ணி ஊத்துறதைப் பார்த்துப் பார்த்து எல்லாத்துக்கும் அதையே மருந்தாக்கிட்டோம்.

உப்பளத்துக்கே வருவோம். கடல் தண்ணில ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தில வெயில்ல காய்ஞ்சு உப்புப் பூக்குற கட்டத்துல அதே தண்ணில 100 மில்லிக்கு 25 கிராம் கிட்ட உப்பு நிக்கும். அதாவது ஒரு டீ கிளாஸ். 10 கிலோ நாய் அதுல ஒரு கிளாஸ் நக்கிடுச்சுன்னா கணக்கு முடிஞ்சது. கசக்குமே, குடிக்குமான்னு கேப்பீங்க. சாதாரணமா குடிக்காது. ஆனா சித்திரை வெயில்ல வேலைக்குப் போறவங்க பின்னாடியே நடந்து போன நாய், சுத்துவட்டாரத்துல வேற தண்ணியே இல்லாத இடத்துல, நாக்கு தள்ளி நிக்குற நேரத்துல என்ன செய்யும்?

இது உப்பளத்து நாய்க்கு மட்டும் இல்ல. வீக்கெண்டுல ஈசிஆர் கடற்கரைக்கு லேப்ரடார் கூட்டிட்டுப் போயி பந்து தூக்கிப் போட்டு விளையாடுறீங்களே, உங்களுக்கும்தான். ஒவ்வொரு தடவை பந்தைக் கவ்வும்போதும் ஒரு வாய் கடல் தண்ணி உள்ள போகும். கொஞ்சம் போனா வயித்தாலப் போக்கோட முடிஞ்சிடும். நிறையப் போனா முதல்ல வாந்தி, அப்புறம் தள்ளாட்டம். நல்ல தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, அடிக்கடி நிறுத்திக் குடிக்க வைங்க. உப்புத் தண்ணி குடிச்சது தெரிஞ்சா நல்ல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுத்துக்கிட்டே டாக்டர்கிட்ட கிளம்புங்க. ஒரேடியா ஒரு வாளி வைக்காதீங்க. ஏறின சோடியத்தை வேகமா இறக்கினாலும் மூளை வீங்கும். அந்த வேகத்தைக் கணக்குப் பண்ணி டிரிப்ஸ் விடுறதுதான் ஆஸ்பத்திரி வேலை.

கடற்கரைன்னதும் இன்னும் ரெண்டு விஷயம். வலையில மாட்டி, வேண்டாம்னு மணல்ல வீசிட்டுப் போற மீன்கள்ல பேத்தை மீனும் கிடக்கும், பலூன் மாதிரி ஊதுமே, அது. அதுல டெட்ரோடோடாக்சின்னு ஒரு நரம்பு விஷம் இருக்கு. சமைச்சாலும் போகாது. 2009ல நியூசிலாந்துல ஆக்லாந்து பக்கத்துக் கடற்கரைகள்ல நாய்ங்க அடுத்தடுத்து வாந்தி எடுத்து விழுந்துச்சு, சிலது செத்தும் போச்சு. கரை ஒதுங்கின ஒரு கடல் நத்தை வகைல இதே விஷம் இருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அதனால கடற்கரைல நாய் எதைக் கவ்வுதுன்னு ஒரு கண்ணு வைங்க. இன்னொண்ணு தூண்டில் முள். வாயிலேர்ந்தோ பின்னாடிலேர்ந்தோ நரம்பு நூல் தொங்கினா தயவுசெஞ்சு இழுக்காதீங்க. உள்ள குடல் கிழிஞ்சிடும். நூலை அப்படியே விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இப்ப அடிப்படைக் கேள்வி. உங்க நாய் செய்யுறது நிஜமாவே வாந்திதானா? நாம எல்லாத்தையும் வாந்தின்னு சொல்லிடுறோம், ஆனா டாக்டருக்கு அது நாலு வேற வேற பிரச்சினை. வயிறு எக்கி எக்கி, எச்சில் ஒழுகி, உதட்டை நக்கி, கடைசில வெளிய வந்தா அது வாந்தி. எந்த முயற்சியும் இல்லாம, சும்மா தலையைக் குனிஞ்சதும் சாப்பாடு சாப்பிட்டபடியே வழுக்கி விழுந்தா அது உணவுக்குழாய்ப் பிரச்சினை. வரட்டு இருமல் இருமிக் கடைசில கொஞ்சம் வெள்ளை நுரை துப்பினா, அது பெரும்பாலும் மூச்சுக்குழாய்த் தொற்று, போர்டிங்ல விட்டுட்டு வந்த நாய்ங்களுக்கு அடிக்கடி வரும். இதைத்தான் பாதிப் பேரு "தொண்டைல எலும்பு மாட்டிக்கிச்சு"ன்னு தூக்கிட்டு ஓடுவாங்க. இதை வாயால விளக்கி டாக்டருக்குப் புரிய வைக்க முடியாது. போன்ல 20 செகண்ட் வீடியோ எடுத்துடுங்க.

நாலாவதுதான் பயங்கரம். ஓங்கரிக்குது, ஓங்கரிக்குது, ஒண்ணுமே வரல. உட்கார முடியல, படுக்க முடியல, எச்சில் ஒழுகுது, வயிறு தவில் மாதிரி விறைக்குது. இது இரைப்பை காத்தால ஊதி அப்படியே முறுக்கிக்கிட்டதா இருக்கலாம். ரெண்டு பக்க வாசலும் மூடிக்கும், அதான் எதுவும் வெளிய வரல. ஊதின இரைப்பை பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும், இதயத்துக்கு ரத்தம் திரும்பாது, நாய் அதிர்ச்சி நிலைக்குப் போயிடும். மணிக்கணக்குல உயிர் போற விஷயம். ஆபரேஷன் தவிர வழி கிடையாது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன்னு பெருசா, நெஞ்சுக்கூடு ஆழமா இருக்குற நாய்ங்களுக்கு ஆபத்து அதிகம். நம்ம ராஜபாளையமும் அந்த உடம்பு வாகுதான். எங்க ஆபீஸ் பாஷைல சொன்னா இது பி-ஜீரோ. யாரையும் எழுப்பலாம், எந்த நேரமும் எழுப்பலாம். ஜெலுசில் ஊத்தி அரை மணி நேரம் பார்க்கலாம்னு நினைச்சா அந்த அரை மணி நேரம்தான் போயிடும். வயிறு வெளில பெருசா தெரியாத நாய்ங்களும் உண்டு, அதனால வெறும் ஓங்கரிப்பு மட்டும் இருந்தாலே கிளம்பிடுங்க.

ஓங்கரிப்பு பத்திப் பேசுறப்போ ரேபிஸை விட்டுட்டுப் போக முடியாது. வெறிநாய்ன்னா துரத்தித் துரத்திக் கடிக்கும்னுதான் நமக்குத் தெரியும். அமைதியான வகை ஒண்ணு இருக்கு. தாடை தொங்கிடும், எச்சில் வழியும், முழுங்க முடியாது, குரல் மாறிடும். பார்க்குறதுக்கு அச்சு அசல் எலும்பு மாட்டின நாய் மாதிரியே இருக்கும். நல்ல மனசோட வாய்க்குள்ள கையை விடுவோம். தெரு நாயோ, தடுப்பூசி விவரம் தெரியாத நாயோ, இப்படி இருந்தா வாய்க்குள்ள கை விடாதீங்க. எச்சில் கைக்காயத்துலயோ கண்ணுலயோ பட்டுடுச்சுன்னா, காயத்தை சோப்புப் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, கண்ணுன்னா வெறும் தண்ணில நல்லா கழுவுங்க. அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி அங்க இலவசம். முதல் ஊசியோட நிறுத்தாம முழுத் தொடரையும் போட்டு முடிக்கணும். மனுஷனுக்கு அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து இல்லைங்கிறதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இப்ப குட்டிங்க. நாலஞ்சு மாசத்துக்கு உட்பட்ட குட்டி வாந்தி எடுத்து, சாப்பாட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிச்சுன்னா, நீங்க முதல்ல நினைக்க வேண்டிய வார்த்தை பார்வோ. இந்த வைரஸுக்கு ஒரு வரலாறு இருக்கு, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், பிடிக்கும்னா பயமா இருக்கும். 1978க்கு முன்னாடி நாய்ங்களுக்கு இப்படி ஒரு நோய் இருக்குறதே உலகத்துக்குத் தெரியாது. பூனைக்கு வர்ற ஒரு வைரஸுக்கு நெருங்கின சொந்தம், மேலோட்டுல சில இடங்கள் மாறினதும் நாய்க் குடலுக்குள்ள நுழையுற சாவி கிடைச்சிடுச்சு. ரெண்டே வருஷத்துல கண்டம் விட்டுக் கண்டம் போயிடுச்சு. 1981, 82லயே மெட்ராஸ் கால்நடை மருத்துவர்கள் இங்க பார்த்த கேஸ்களைப் பத்தி இந்திய மருத்துவ இதழ்கள்ல எழுதியிருக்காங்க. 1903ல ஆரம்பிச்ச, வேப்பேரில இருக்குற காலேஜ் அது, நம்ம ஊர்ல அதை முதல்ல அடையாளம் பிடிச்சவங்க அவங்க. விமானத்துல வந்துச்சா, கப்பல்ல வந்துச்சா, யாரு செருப்புல ஒட்டிட்டு வந்துச்சோ.

செருப்புன்னு சும்மா சொல்லல. நிழலான ஈர மண்ணுல இந்த வைரஸ் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். சானிடைசர், சாதாரண சோப்பு எதுக்கும் அசையாது. வேக வேகமா பெருகுற செல்களைத் தேடிப் போய் அழிக்கும். குடலோட உள்சுவர் அப்படிப்பட்ட செல், எலும்பு மஜ்ஜை அப்படிப்பட்ட செல். குடல் சுவர் போனா வாந்தி, ரத்தமா போக்கு. மஜ்ஜை போனா வெள்ளை அணு விழுந்துடும். அதே நேரம் குடல்ல இருக்குற பாக்டீரியா ரத்தத்துக்குள்ள இறங்கும். ரெண்டும் ஒண்ணா சேர்ந்துதான் கொல்லுது.

போன வருஷம் எங்க சித்தி வீட்டுல ரெண்டரை மாசக் குட்டி, மணின்னு பேரு. அதே ஈத்துல பொறந்த இன்னொரு குட்டி பக்கத்து வீட்டுல. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் ரெண்டும் ஒண்ணா வாந்தி எடுக்க ஆரம்பிச்சுச்சு. சித்தி எனக்கு வீடியோ கால் பண்ணி, "டேய், மஞ்சளா நுரையா வருது, ஓரமா போய்ப் படுத்துக்குது, பால் காட்டுனாலும் பார்க்க மாட்டேங்குதுடா"ன்னாங்க. ஈறை அமுக்கிக் காட்டச் சொன்னேன். வெளிறின இடம் மறுபடி ரோஸா மாற ரெண்டு செகண்டுக்குள்ள ஆகணும். நான் மனசுக்குள்ள நாலு எண்ணிட்டேன். கழுத்துத் தோலைப் பிடிச்சுத் தூக்கி விட்டா கூடாரம் மாதிரி அப்படியே நின்னுச்சு. உடம்புல தண்ணி இல்ல. சித்தப்பா குட்டியை டவல்ல சுத்தி பைக்ல சித்தி மடில வச்சுப் புதுச்சேரிப் பக்கம் போயிட்டாரு. அஞ்சு நாள் டிரிப்ஸ், வாந்திக்கு ஊசி, ஆன்டிபயாடிக். பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு குழந்தையை வச்சுக்கிட்டு ராத்திரில கிளம்ப முடியாம சனிக்கிழமை போகலாம்னு இருந்தாங்க. சனிக்கிழமை மத்தியானம் அந்தக் குட்டி போயிடுச்சு. அந்த அக்கா மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ராத்திரி இருபது கிலோமீட்டர்ங்கிறது எல்லாருக்கும் ஒரே இருபது கிலோமீட்டர் இல்ல.

ரெண்டு குட்டிக்கும் ஒரு ஊசி போட்டிருந்தாங்க. அப்புறம் எப்படி வந்துச்சு? தாய்ப்பால்ல வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்புல கொஞ்ச வாரம் நிக்கும். அது நோயையும் தடுக்கும், தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எப்ப வடியும்னு ஒவ்வொரு குட்டிக்கும் வேற வேற. அதனாலதான் 6லேர்ந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, குறைஞ்சது 16 வாரம் வரைக்கும் போடச் சொல்றாங்க. தொடர் முடியுற வரைக்கும் குட்டியைப் பார்க்குக்கு, தெருவுக்குத் தரையில இறக்காதீங்க. அபார்ட்மென்ட் லிஃப்ட் ஓரமும் தெருதான்.

சிகிச்சை சீக்கிரம் கிடைச்சா பார்வோ குட்டிங்க பெரும்பாலும் பிழைச்சுக்கும். கிடைக்கலைன்னா பெரும்பாலும் பிழைக்காது. அதனால குட்டி விஷயத்துல "காலைல பார்க்கலாம்" கிடையாது. குட்டியைப் பட்டினி போட்டும் பார்க்கக் கூடாது, சர்க்கரை சட்டுனு இறங்கிடும்.

விஷம் பத்தி வேகமா. எலி மருந்துல ஜிங்க் பாஸ்பைடுன்னு ஒரு கருப்புப் பொடி உண்டு. வயித்து அமிலத்துல பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். அது தின்ன நாய்க்குச் சாப்பாடு குடுத்தா அமிலம் சுரந்து வாயு இன்னும் கூடும். அது எடுக்குற வாந்திலயும் அந்த வாயு வரும், உங்களுக்கும் ஆபத்து. கார் ஜன்னலை இறக்கிட்டுப் போங்க. பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போங்க. வயலுக்கு அடிக்குற பூச்சி மருந்துன்னா எச்சில், கண்ணீர், வாந்தி, சதை துடிப்பு, கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கும். ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் குடிச்சிருந்தா வாந்தி எடுக்கவே வைக்கக் கூடாது, போன வழியிலயே திரும்ப வந்து தொண்டையையும் நுரையீரலையும் எரிக்கும்.

வீட்டுக்குள்ள? சாக்லேட், வெங்காயம் எல்லாருக்கும் தெரியும். திராட்சை நாய்க்குக் கிட்னியைக் கெடுக்கும்னு தெரிஞ்சிருக்கும், ஏன்னு பல வருஷம் யாருக்கும் தெரியாம இருந்துச்சு. 2021ல அமெரிக்க விஷ முறிவு மையத்து மருத்துவர்கள் டார்ட்டாரிக் அமிலமா இருக்கலாம்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் அதே ஆளுங்க புளி தின்ன நாய்ங்களுக்கும் கிட்னி பாதிச்ச கேஸ்களை வெளியிட்டாங்க. ஆமாங்க, நம்ம புளி. ஒரு வாய் குழம்பு சோத்துக்குப் பதற வேண்டாம். ஆனா வெயில்ல காய வச்ச புளியை நாய் உருண்டை உருண்டையா முழுங்கி வாந்தி எடுத்தா, அது சாதாரண வாந்தின்னு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட புளின்னு சொல்லுங்க.

அப்ப எதுக்குத்தான் வீட்டுலயே இருக்கலாம்? வளர்ந்த நாய், ஒண்ணு ரெண்டு தடவை வாந்தி, அதுக்கப்புறம் வாலாட்டுது, தண்ணி நிக்குது, ஈறு ரோஸா இருக்கு. அப்படின்னா ஒரு 6லேர்ந்து 12 மணி நேரம் சாப்பாட்டை நிறுத்துங்க. தண்ணியை ரெண்டு மூணு ஸ்பூன் அளவு, அடிக்கடி. அப்புறம் குழைய வெந்த சாதம், தோலில்லாம வேக வச்ச கோழி, உப்பு மசாலா எதுவும் கிடையாது, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை. தாளிச்ச தயிர் சாதம் வேண்டாம். புல்லைத் தின்னுட்டு ஒரு தடவை மஞ்சளா துப்புறதெல்லாம் நாய் வாழ்க்கைல சகஜம். ஆனா குடிச்ச தண்ணியும் வெளிய வந்தா, ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ வந்தா, ஒரே நாள்ல மூணு தடவைக்கு மேல போனா, ஒரு நாள் தாண்டியும் நிக்கலைன்னா, ஆஸ்பத்திரி. நம்ம மாத்திரை டப்பாவைத் திறக்காதீங்க. பாராசிட்டமால், புரூஃபென் நாய்க்கு விஷம். வாந்தி மாத்திரையும் நீங்களா குடுக்காதீங்க, குடல்ல சாக்ஸ் அடைச்சிருந்தா மாத்திரை வாந்தியை மட்டும் மறைக்கும், சாக்ஸ் அங்கேயேதான் இருக்கும்.

டாக்டர்கிட்ட போறப்போ நல்ல பக் ரிப்போர்ட் மாதிரி எடுத்துட்டுப் போங்க. "நைட்லேர்ந்து டல்லா இருக்கு டாக்டர்"னு சொன்னா அவங்க அதை வச்சு என்ன பண்ணுவாங்க? எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, என்ன நிறம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு, ஒண்ணுக்கு போச்சா, கடைசியா போட்ட ஊசி என்ன, எடை எவ்வளவு. இதையெல்லாம் போன்லயே டைப் பண்ணி வச்சுக்கோங்க, வீடியோ கூடவே இருக்கட்டும். ராத்திரி எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கும்னு இன்னைக்கே, நாய் நல்லா இருக்குறப்பவே, போன் பண்ணிக் கேட்டு எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க. எங்க ஏரியாக்காரங்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, நேரம் கேட்டு வச்சுக்கோங்க. 1962ங்கிறது கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ வண்டி நம்பர். முக்கியமா ஆடு மாடுக்குன்னு ஆரம்பிச்சது, ஆனா கிராமத்துல வேற வழி இல்லைன்னா கூப்பிட்டுக் கேளுங்க, பக்கத்துல டாக்டர் யாருன்னாவது தெரியும்.

கடைசியா ஒரு கேள்வி, பார்வோல குட்டி போன ஒரு வீட்டுலேர்ந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணா, புதுசா ஒரு குட்டி எப்ப எடுத்துட்டு வரலாம்?" தம்பி, முதல்ல சாணமெல்லாம் எடுத்துட்டுத் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவு. அழுக்கு இருந்தா ப்ளீச் வேலை செய்யாது. அப்புறம் வீட்டுக்கு வாங்குற ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி, பத்து நிமிஷம் ஊற விட்டுக் கழுவு. பினாயிலோட கலக்காத. பழைய படுக்கை, கிண்ணம், கயிறு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடு. மண் தரைக்கு ப்ளீச் உதவாது, வெயில்தான். அந்த முற்றத்துக்கு ஒரு வருஷம் குட்டி வேண்டாம். அவசரம்னா ஊசித் தொடர் முழுசா முடிச்ச வளர்ந்த நாயா தத்தெடு. எங்க பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் செஞ்சாங்க, ரெண்டு வயசு, ஒரு காது மடங்கின நாட்டு நாய்.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன். கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஆனா நாய் இப்ப வாந்தி எடுத்துட்டு இருக்குன்னா எனக்கு அனுப்பாதீங்க, டாக்டருக்குப் போன் பண்ணுங்க. பை மக்களே.